தானியம் கட்டிய ஊர்: விஸ்துலா கரையில் காஷிமியெஷ் டோல்னி

போலந்தின் காஷிமியெஷ் டோல்னியில் இன்று சுமார் 2,500 பேர்தான் வசிக்கிறார்கள். வார்சாவிலிருந்து தென்கிழக்கே ஏறக்குறைய 150 கிலோமீட்டர், லூப்லின் நகரத்திலிருந்து மேற்கே 50 கிலோமீட்டர். ரயில் வராத ஊர். பெரிய தொழிற்சாலை எதுவும் கிடையாது. அப்படிப்பட்ட ஊரின் சந்தைச் சதுக்கத்தில், முகப்பு முழுக்கச் சுதைச் சிற்பங்கள் நிறைந்த 17-ஆம் நூற்றாண்டு மாளிகைகள் நிற்கின்றன. ஆற்றோரம் மூன்று மாடி உயரத்துக்குக் கல் கிட்டங்கிகள், குன்றின் மேல் அரசர் காலத்துக் கோட்டை. ஒரு கிராம அளவு மக்களுக்கு எதற்கு இவ்வளவும்? இந்தப் பணம் எங்கிருந்து வந்தது, பிறகு எங்கே போனது?

பதில் ஊருக்குள் இல்லை. ஊருக்கு அடியில் கிடக்கும் மண்ணிலும் ஊரை ஒட்டி ஓடும் ஆற்றிலும் இருக்கிறது. அதனால் மாளிகைகளை விட்டுவிட்டு மண்ணிலிருந்து தொடங்குவதுதான் சரி.

ஆறும் மண்ணும்

விஸ்துலா போலந்தின் மிக நீளமான ஆறு. தெற்கே பெஸ்கிட் மலைகளில் பிறந்து, 1,047 கிலோமீட்டர் ஓடி, வடக்கே க்தான்ஸ்க் அருகில் பால்டிக் கடலில் கலக்கிறது. வழியில் பெரும்பாலும் அகன்ற சமவெளியில் சோம்பலாகப் பரந்து ஓடும் ஆறு அது. ஆனால் சவிஹோஸ்டுக்கும் புவாவிக்கும் இடையே மேட்டுநிலத்தைக் குறுக்காக அறுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில் பள்ளத்தாக்கு குறுகி, காஷிமியெஷ் அருகில் ஓரிரு கிலோமீட்டர் அகலமே மிஞ்சுகிறது. இரு பக்கமும் செங்குத்தான கரைகள். இப்படிக் குறுகும் இடத்தில் ஒரு காவல் கோபுரம் வைத்தால் ஆற்றில் போகும் எந்தப் படகும் கண்ணுக்குத் தப்பாது. சுங்கத்துக்கும் தப்பாது. கிழக்குக் கரையில், க்ரோதாஷ் என்ற சிற்றோடை விஸ்துலாவில் சேரும் வாயில் ஊர் உட்கார்ந்திருக்கிறது. அந்த ஓடை இன்றும் கல் பதித்த வாய்க்காலில் ஊர் நடுவே ஓடுகிறது.

ஆறு அறுத்த கரையில் வெள்ளை வெளேரென்று தெரிவது சுண்ணாம்புப் பாறை. உள்ளூரில் ஓப்போகா என்பார்கள். டைனோசர் காலத்தின் கடைசிக் கட்டத்தில் இங்கே இருந்த ஆழமற்ற கடலின் அடிச்சேறு இறுகி உருவான கல் அது. வெட்டுவதற்கு எளிது, எடையும் குறைவு. கோட்டை, தேவாலயம், கிட்டங்கி எல்லாமே இந்தக் கல்லில் எழுந்தவைதான். இதில் இன்னொரு சிறப்பும் இருக்கிறது. ஊருக்கு அருகில் உள்ள போஹோத்னிட்சாவிலும் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள நசிவூஃபிலும், கிரெட்டேசியஸ் காலம் முடிந்து பேலியோஜீன் காலம் தொடங்கும் எல்லை பாறை அடுக்கில் தெரிகிறது. அதாவது 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் அழிந்த அந்தக் காலத்தின் கோடு. புவியியலாளர்கள் தலைமுறை தலைமுறையாக இந்தக் கல்குவாரிகளுக்கு வந்து போகிறார்கள்.

பாறைக்கு மேலே இருப்பது லோயஸ். கடைசிப் பனியுகத்தில் வடக்கே பனிப்பாளங்கள் கிடந்தபோது, அவற்றின் விளிம்பில் காய்ந்த தரையிலிருந்து காற்று நுண்துகள் மண்ணை அள்ளிவந்து இங்கே கொட்டியது. சில இடங்களில் 30 மீட்டர் தடிமன் வரை படிந்திருக்கிறது. மஞ்சள் நிறம், மாவு போல மெல்லிசு, கல்லே கிடையாது. நீரைப் பிடித்து வைக்கும், வேர் இறங்கச் சிரமமில்லை. கோதுமைக்கு இதைவிட நல்ல மண் போலந்தில் அதிகம் இல்லை.

ஆனால் லோயஸுக்கு ஒரு குணம் உண்டு. காய்ந்திருக்கும்போது சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கும், தண்ணீர் ஓடினால் சட்டென்று கரைந்துவிடும். காடு இருந்தவரை வேர்கள் மண்ணைப் பிடித்து வைத்திருந்தன. தானியத்துக்காகக் காட்டை வெட்டி உழத் தொடங்கியதும், மழைநீரும் பனி உருகிய நீரும் சரிவில் இறங்கி மண்ணை அறுக்க ஆரம்பித்தன. வயலுக்கும் சந்தைக்கும் போன வண்டிச் சக்கரங்கள் தடத்தை உழுதன, அந்தத் தடத்தில் அடுத்த மழை பாய்ந்தது. நூற்றாண்டுகள் போகப் போக, வண்டிப்பாதைகள் ஆள் உயரத்துக்கும் அதற்கு மேலும் ஆழ்ந்த பள்ளங்கள் ஆயின. இன்று ஊரைச் சுற்றிச் சில பகுதிகளில் ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 10 கிலோமீட்டர் நீளத்துக்கு இப்படிப்பட்ட பள்ளங்கள் ஓடுகின்றன. ஐரோப்பாவிலேயே மிக அடர்த்தியான பள்ள வலைகளில் ஒன்று என்று இதைச் சொல்கிறார்கள்.

இவற்றில் பெயர் பெற்றது கோஷெனியோவி டூவ், வேர்ப்பள்ளம். உள்ளே நடந்தால் இரு பக்கமும் மஞ்சள் மண்சுவர், தலைக்கு மேலே மரங்கள். அந்த மரங்களின் அடிமண் பாதி கரைந்துவிட்டதால், வேர்கள் சுவரிலிருந்து வெளியே வந்து, ஒன்றோடொன்று பின்னி, அந்தரத்தில் தொங்குகின்றன. மரம் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறது. பின்பக்க வேர்கள் மண்ணைப் பற்றியிருப்பதால் தாங்குகிறது. சுற்றுலா வருபவர்கள் இதை இயற்கையின் அதிசயம் என்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். இயற்கைக்குப் பங்கு உண்டுதான். ஆனால் சதுக்கத்து மாளிகைகளைக் கட்டிய அதே கோதுமைதான் இந்தப் பள்ளத்தையும் வெட்டியது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் ஊர் புரிய ஆரம்பிக்கிறது.

கன்னியாஸ்திரீகளும் அரசர்களும்

இந்த இடத்தில் முதலில் இருந்த குடியிருப்பை 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில், நீதிமான் என்று அழைக்கப்பட்ட இளவரசர் இரண்டாம் காஷிமியெஷ், கிராக்கோவ் அருகில் இருந்த நோர்பெர்த்தைன் கன்னியாஸ்திரீகளுக்குத் தானமாகக் கொடுத்தார். அவர்கள் கொடையாளியின் பெயரையே ஊருக்கு வைத்தார்கள். பின்னர் ஆற்றின் மேல்பகுதியில், கிராக்கோவை ஒட்டி, இன்னொரு காஷிமியெஷ் எழுந்ததால், கீழே உள்ளது என்று காட்ட டோல்னி சேர்ந்துகொண்டது.

ஊர் நகரமாக வளர்ந்தது 14-ஆம் நூற்றாண்டில், 1333 முதல் 1370 வரை ஆண்ட மாமன்னர் மூன்றாம் காஷிமியெஷ் காலத்தில். கோட்டை அவர் கட்டியது. அதற்கு மேலே தனியாக நிற்கும் வட்டக் கோபுரம் அதைவிடப் பழையது. சுமார் 20 மீட்டர் உயரம், அடிச்சுவரின் தடிமன் 4 மீட்டர். ஆற்றைக் காவல் பார்க்கவும் சுங்கத்தைக் காக்கவும் வைத்தது.

இது வரைக்கும் இது ஆற்றோரத்துச் சாதாரண ஊர்களில் ஒன்று. ஊரின் தலையெழுத்தை மாற்றிய ஆண்டு 1466. பதின்மூன்று ஆண்டுப் போருக்குப் பிறகு, பால்டிக் கரையை ஆண்ட கிறிஸ்தவப் போர்த்துறவிகளான ஜெர்மானிய மாவீரர் சபையோடு போலந்து செய்துகொண்ட இரண்டாம் தோருன் உடன்படிக்கையால் க்தான்ஸ்க் துறைமுகமும் விஸ்துலாவின் கீழ்ப்பகுதியும் போலந்து அரசரின் கீழ் வந்தன. மலையிலிருந்து கடல் வரை ஒரே ஆற்றில், ஒரே ஆட்சியில் சரக்கு இறங்கலாம் என்றாகிவிட்டது. அதே சமயம் மேற்கு ஐரோப்பாவில், குறிப்பாக நெதர்லாந்து நகரங்களில், மக்கள் பெருகி உணவுத் தட்டுப்பாடு ஏற்பட்டது. க்தான்ஸ்கில் டச்சுக் கப்பல்கள் வரிசை கட்டி நின்றன. 1618-இல் அந்த ஒரு துறைமுகம் மட்டும் சுமார் 2 லட்சம் டன் தானியத்தை ஏற்றுமதி செய்தது. அதில் பெரும் பங்கு ரை என்ற குளிர்நாட்டுத் தானியம், அடுத்து கோதுமை.

கிட்டங்கி, படகு, ஓடக்காரர்

இந்த வியாபாரம் எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் கிட்டங்கிகள் ஏன் என்பது விளங்கும். அறுவடை கோடையின் இறுதியில். கதிரடித்து, தூற்றி, வண்டியிலும் பனிக்காலத்தில் சறுக்குவண்டியிலும் ஆற்றங்கரைக்குக் கொண்டுவரும்போது ஆறு உறைந்திருக்கும். பனி உருகி, மார்ச், ஏப்ரலில் வெள்ளம் ஏறினால்தான் பாரப் படகுகள் மணல்திட்டில் தட்டாமல் போக முடியும். ஆக, மாதக்கணக்கில் தானியத்தை ஈரம் படாமல், எலி தின்னாமல், தீப்பிடிக்காமல் வைத்திருக்க வேண்டும். அதற்காகத்தான் ஓப்போகா கல்லில் தடித்த சுவர், சின்னச் சின்ன ஜன்னல், செங்குத்தான ஓட்டுக்கூரை. பரபரப்பான காலத்தில் ஊருக்கு இரு புறமும் ஆற்றை ஒட்டி இப்படிப் பல பத்துக் கிட்டங்கிகள் நின்றன. இன்று மிஞ்சியவை கொஞ்சம்தான். அவற்றில் ஒன்றில், 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டியதில், இயற்கை அருங்காட்சியகம் இருக்கிறது. வேறு சில தங்கும் விடுதிகளாக மாறிவிட்டன. கிட்டங்கிதானே என்று வெறும் சுவராக விட்டுவிடவில்லை. உச்சிச் சுவர்களில் சுருள் சுருளாக அலங்காரம் செய்திருக்கிறார்கள். சரக்கு வாங்க வருபவன் ஆற்றிலிருந்து முதலில் பார்ப்பது அதைத்தானே.

படகுகளில் பெரியது ஷ்குதா. 30 மீட்டருக்கு மேல் நீளம், தட்டையான அடி, ஒரு பாய்மரம், 20 பேர் வரை துடுப்புக்காரர்கள். சுமார் 100 டன் தானியம் ஏற்றும். தண்ணீரில் அதிகம் அமிழாது, அதனால்தான் விஸ்துலாவின் மணல்திட்டுகளுக்கு நடுவே அதை ஓட்ட முடிந்தது. கோமியெங்கா என்று இன்னொரு வகை உண்டு. அது ஒருவழிப் பயணத்துக்காகவே அடித்த பெட்டிப் படகு. க்தான்ஸ்கில் தானியத்தை இறக்கியதும் படகையே பிரித்து மரமாக விற்றுவிடுவார்கள். ஓட்டுபவர்கள் நடந்தோ வேறு படகில் ஏறியோ திரும்புவார்கள். ஃப்லிசாக் என்று பெயர் பெற்ற இந்த ஓடக்காரர்களுக்குத் தனி வழக்கு, தனிப் பாட்டு, முதல் பயணம் போகும் இளைஞனுக்குத் தனிச் சடங்கு எல்லாம் இருந்தன. காஷிமியெஷிலிருந்து கடல்வாய்க்குக் கிட்டத்தட்ட 600 கிலோமீட்டர். இறங்கச் சில வாரம். எதிர்நீச்சலில் ஏறி வருவது அதைவிட நெடும்பாடு. ஏறி வந்த படகுகளில் துணி, ஒயின், உப்பிட்ட ஹெர்ரிங் மீன், மசாலாப் பொருட்கள், வீட்டுச் சாமான்கள் வந்தன. ஊருக்குத் தெற்கே ஒட்டியிருக்கும் மியெஞ்ச்மியெஷ் இந்த ஓடக்காரர்களும் மீனவர்களும் வாழ்ந்த குக்கிராமம். நாணல் கூரை போட்ட மரவீடுகள் அங்கே இன்னும் இருக்கின்றன.

படகில் ஏறிய மூட்டைக்குப் பின்னால் யார் என்பதை வழிகாட்டிகள் பெரும்பாலும் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. தானியம் விளைந்தது பிரபுக்களின் பண்ணைகளில். உழுதவர்கள் பண்ணையடிமைகள். 1520-இல் வந்த சட்டம் வாரத்தில் ஒரு நாளாவது குடியானவர் பிரபுவின் நிலத்தில் கூலியில்லாமல் வேலை செய்ய வேண்டும் என்றது. மேற்கில் தானிய விலை ஏற ஏற, அந்த ஒரு நாள் பல நாட்களாக நீண்டது. பிரபுவின் அனுமதியில்லாமல் ஊரைவிட்டுப் போக முடியாது. ஆம்ஸ்டர்டாமில் விலை கூடினால் லூப்லின் பக்கத்துக் கிராமத்தில் வெட்டி வேலை கூடியது. இந்தப் பகுதியில் பண்ணையடிமை முறை முழுதாக ஒழிந்தது 1864-இல்தான். இந்தச் சதுக்கத்து வியாபாரிகள் அடிமைகளை நேரடியாக வைத்திருந்தார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் அவர்கள் கிட்டங்கியில் குவிந்ததெல்லாம் அந்த உழைப்புதான்.

சுவரில் நிற்கும் வியாபாரிகள்

இனி சதுக்கத்துக்குப் போகலாம். 1615-இல் கட்டி முடித்த ப்ஷிபிவா வீடுகள் இரண்டும் ஒட்டிப் பிறந்தவை மாதிரி பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. கட்டியவர்கள் மிக்கோவாய் ப்ஷிபிவா, கிஷிஷ்தோஃப் ப்ஷிபிவா என்ற சகோதரர்கள், தானிய வியாபாரிகள். கீழே வளைவு வளைவான தாழ்வாரம், மேலே ஓர் அங்குலம் விடாமல் சுதை வேலை. மிக்கோவாய் வீட்டின் முகப்பில் அவர் பெயருக்குரிய புனித நிக்கோலஸ், கடலோடிகளின் காவலர். கிஷிஷ்தோஃப் வீட்டின் முகப்பில் புனித கிறிஸ்தோபர். ஒரு தளத்தின் உயரத்துக்கு நிற்கிறார். தோளில் குழந்தை இயேசு, கையில் ஊன்றுகோலாக ஒரு முழு மரம், காலடியில் ஆறு. ஆற்றைக் கடத்திவிடும் புனிதரை ஆற்றால் பிழைத்த வியாபாரி தன் வீட்டு வாசலில் நிறுத்தியிருக்கிறார். உருவங்களில் கைதேர்ந்த இத்தாலியச் சிற்பியின் நளினம் இல்லை. கைகள் பெரிது, முகம் தட்டை. உள்ளூர்க் கொத்தர்கள் தாங்கள் பார்த்த மறுமலர்ச்சிக் கலையைத் தங்கள் கைக்கு வந்தபடி செய்திருக்கிறார்கள். எனக்கு இந்த வீடுகள் பிடிப்பதற்குக் காரணமே அந்த முரட்டுத்தனம்தான்.

வீடுகளின் உச்சியில் கோபுரம் கோபுரமாக எழும் உயரமான மதில்சுவரைப் பார்த்தால் வெறும் ஆடம்பரம் என்று தோன்றும். அதற்கு வேலையும் இருந்தது. 16-ஆம் நூற்றாண்டில் ஊர் மீண்டும் மீண்டும் எரிந்தது. கூரையை உள்பக்கமாகத் தாழ்த்தி, சுற்றிலும் மதில் எழுப்பினால் பக்கத்து வீட்டுத் தீ சட்டென்று தாவாது. சதுக்கத்துக்குச் சற்றுத் தள்ளி நிற்கும் ட்செலேய் வீடு 1635 வாக்கில் எழுந்தது. அதன் மதிலில் புனிதர்களும் டிராகன் போன்ற விநோத உருவங்களும் கலந்து நிற்கின்றன. இப்போது அது ஊர் அருங்காட்சியகம். தேவாலயத்தையும் இதே காலத்தில் புதுப்பித்தார்கள். அதில் 1620-இல் வைத்த ஆர்கன் என்ற இசைக்கருவி, போலந்தில் இன்னும் வாசிக்கப்படும் மிகப் பழையவற்றில் ஒன்று. ஆட்சி அதிகாரியாக இருந்த ஃபிர்லேய் குடும்பத்தார் அக்கரையில் யானோவியெட்ஸில் தங்களுக்கென்று பெரிய கோட்டை கட்டிக்கொண்டார்கள்.

பிறகு 1656. ஸ்வீடன் அரசர் பத்தாம் கார்ல் குஸ்தாவின் படை ஊரைக் கொளுத்தியது. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மீண்டும் ஸ்வீடியப் போர், கூடவே கொள்ளைநோய். ஊருக்கு மேலே குன்றில் நிற்கும் மூன்று சிலுவைகள் 1708-இல் நோயில் இறந்தவர்களின் நினைவாக வைத்தவை என்று ஊர் வழக்கு சொல்கிறது. ஆள் போன இடத்தில் மறுபடி ஆள் வரலாம், எரிந்த வீட்டை மறுபடி கட்டலாம். மீள முடியாத அடி 1772-இல் விழுந்தது. அண்டை அரசுகள் போலந்தைக் கூறுபோட்ட முதல் பங்கீட்டில் விஸ்துலாவின் கீழ்ப்பகுதியைப் பிரஷ்யா எடுத்துக்கொண்டு, போகும் தானியத்துக்குக் கடும் சுங்கம் போட்டது. 1466-இல் திறந்த கதவு மூடிவிட்டது. 1795-இல் ஊர் ஆஸ்திரியாவிடம் போனது, 1815-க்குப் பிறகு ரஷ்யப் பேரரசின் கீழ். இதற்கிடையில் ஆறும் மெல்லத் தன் தடத்தை மாற்றி ஊரைவிட்டு விலகியது. கிட்டங்கி வாசலில் படகு கட்டிய காலம் முடிந்தது.

தன் ஆட்சிக்கு எதிரான போலந்தியரின் 1863-64 எழுச்சியை அடக்கிய ரஷ்ய அரசு, தண்டனையாகப் பல ஊர்களின் நகர உரிமையைப் பறித்தது. காஷிமியெஷும் அதில் ஒன்று, 1927-இல்தான் அது திரும்பக் கிடைத்தது. 1877-இல் வார்சா - லூப்லின் ரயில்பாதை வந்தபோது, அது 12 கிலோமீட்டர் வடக்கே புவாவி வழியாகப் போய்விட்டது. ரயில் வந்த ஊர்கள் பழைய வீடுகளை இடித்து, செங்கல் ஆலை, கிடங்கு என்று கட்டிக்கொண்டபோது, இங்கே இடிக்கவும் காசில்லை, புதிதாகக் கட்டவும் காசில்லை. இன்று நாம் பார்க்கும் பழமைக்கு முதல் காரணம் இந்த ஏழ்மைதான்.

குஸ்மிர்

ஊருக்கு இன்னொரு பெயர் இருந்தது, குஸ்மிர். இங்கே வாழ்ந்த யூதர்கள் தங்கள் இத்திஷ் மொழியில் அப்படித்தான் அழைத்தார்கள். 17-ஆம் நூற்றாண்டுப் போர்களில் ஊர் காலியான பிறகு, மன்னர் ஜான் சோபியஸ்கி யூத, ஆர்மீனிய, கிரேக்க வியாபாரிகள் இங்கே குடியேறித் தொழில் செய்ய வழிவிட்டார். அதற்கு முன்பே யூதர்கள் இருந்தார்கள், பிறகு பெருகினார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஊரில் ஏறக்குறைய பாதிப் பேர் யூதர்கள். பெரிய சதுக்கத்துக்குப் பின்னால் உள்ள சின்னச் சதுக்கம் அவர்களுடைய உலகம். கல்லால் கட்டிய ஜெபக்கூடம், மரத்தால் ஆன, யூத உணவு விதிப்படியான கோஷர் இறைச்சிக் கடைகள், சுற்றிலும் தையல்காரர், செருப்பு தைப்பவர், மாவு வியாபாரி வீடுகள்.

மாமன்னர் காஷிமியெஷ் எஸ்தெர்கா என்ற யூதப் பெண்ணைக் காதலித்தார், அவளைப் பார்க்கக் கோட்டையிலிருந்து போஹோத்னிட்சா வரை சுரங்கவழி வைத்திருந்தார் என்ற கதையை இரு சமூகத்தாரும் சொல்லிக்கொண்டார்கள். எஸ்தெர்கா பற்றிய பேச்சு 15-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யான் துவுகோஷ் எழுத்திலேயே வந்துவிடுகிறது. சுரங்கம் வெறும் கதை.

கதையைவிட உறுதியான ஒன்றை இந்த ஊர் யூத உலகத்துக்குத் தந்தது, இசை. 1856-இல் இறந்த ரபி யெஹெஸ்கெல் தாவுப் இங்கே ஹசிதியம் என்ற யூத பக்தி இயக்கத்தின் ஒரு மரபைத் தொடங்கினார். பாட்டு வழியாகத் தொழுவது அவருக்கு முக்கியம், ஒவ்வொரு ஓய்வுநாளுக்கும் புதிதாக ஒரு மெட்டு வேண்டும் என்பாராம். அவர் வழிவந்தவர்கள் தொடங்கிய மோட்சிட்ஸ் மரபு, சொல்லில்லாத மெட்டுகளுக்காக இன்றும் இஸ்ரேலிலும் அமெரிக்காவிலும் அறியப்படுகிறது. குஸ்மிரில் பிறந்த மெட்டு பாடப்படுகிறது, குஸ்மிரில் பாட ஆள் இல்லை.

ஓவியர்கள் வந்தது 19-ஆம் நூற்றாண்டிலேயே. கூட்டமாக வந்தது 1920-களில், வார்சா நுண்கலைப் பள்ளிப் பேராசிரியர் ததேயுஷ் புருஷ்கோவ்ஸ்கி மாணவர்களைக் கோடைதோறும் இங்கே அழைத்துவந்தபோது. சொந்தமாக விமானம் ஓட்டத் தெரிந்த, ஆர்ப்பாட்டமான மனிதர். அவருடைய மாணவர்கள் 1925-இல் புனித லூக்கா சகோதரத்துவம் என்ற குழுவைத் தொடங்கினார்கள். 1939 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக அந்தக் குழுவின் 11 ஓவியர்கள் காஷிமியெஷில் உட்கார்ந்து போலந்து வரலாற்றின் ஏழு காட்சிகளைச் சேர்ந்து வரைந்தார்கள். போர் வந்ததால் அந்த ஓவியங்கள் அமெரிக்காவிலேயே தங்கிப்போய், 2022-இல்தான் போலந்து திரும்பின.

புருஷ்கோவ்ஸ்கியின் மாணவர்களில் யூதர்களும் இருந்தார்கள். எஃப்ராயிம், மெனாஷே சைடன்பாய்டெல் என்ற இரட்டைச் சகோதரர்கள் பல ஓவியங்களை ஒரே திரையில் இருவருமாகச் சேர்ந்து வரைந்தவர்கள். காஷிமியெஷின் கூரைகளையும் ஆற்றையும் அவர்கள் அடங்கிய நிறங்களில் வரைந்த படங்கள் இருக்கின்றன. நாஜிகள் அவர்களை முகாமிலிருந்து முகாமுக்கு இழுத்துச் சென்றார்கள். 1945 ஏப்ரலில், விடுதலைக்குச் சற்று முன், ஃப்ளோசென்பூர்க் முகாமில் இருவரும் கொல்லப்பட்டார்கள். ஆசிரியர் புருஷ்கோவ்ஸ்கியை 1942-இலேயே ஜெர்மானியர் வார்சாவில் சுட்டுக் கொன்றிருந்தார்கள்.

ஊருக்கு நேர்ந்ததும் அதுதான். 1940-இல் யூதர்களை சின்னச் சதுக்கத்தைச் சுற்றிய சில தெருக்களுக்குள் அடைத்தார்கள். பிரான்சிஸ்கன் துறவிகளின் மடத்தை நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டபோ எடுத்துக்கொண்டது. யூதக் கல்லறையின் நடுகற்களைப் பிடுங்கி அந்த மடத்தின் முற்றத்துக்குத் தளம் போட்டார்கள், அதையும் யூதர்களைக் கொண்டே செய்வித்தார்கள். 1942 மார்ச்சில் மிஞ்சியிருந்தவர்களை ஓபோலே லுபெல்ஸ்கியேவுக்கு விரட்டினார்கள். அங்கிருந்து பெவ்ஜெட்ஸ், சோபிபூர் கொலை முகாம்களுக்கு ரயில்கள் போயின. ஐந்நூறு ஆண்டுக்கு நெருங்கிய வாழ்க்கை ஒரே வசந்தகாலத்தில் முடிந்தது.

செதுக்கி எடுத்த பழமை

1944 கோடை முதல் 1945 ஜனவரி வரை போர்முனை விஸ்துலா மீதே நின்றது. ஊர் பெரிதும் சேதமானது. அதை மீட்டுக் கட்டியதில் முக்கியமானவர் கட்டடக் கலைஞர் கரோல் சிசின்ஸ்கி. போருக்கு முன்பிருந்தே ஊரோடு சேர்ந்து வாழ்ந்தவர். வெள்ளை ஓப்போகா கல், செங்குத்துக் கூரை, மரத்தூண் தாழ்வாரம் என்று உள்ளூர் முறையிலேயே புது வீடுகளையும் வடிவமைத்தார். சதுக்கத்தின் எல்லா வீடும் 400 வயது என்று நினைத்துக்கொள்பவர்கள் அதிகம். பல வீடுகள் அவர் கைபட்ட 20-ஆம் நூற்றாண்டு வீடுகள். நடுவில் படத்துக்குப் படம் வரும் மரக்கூரைக் கிணறுகூட 1913-இல் கட்டடக் கலைஞர் யான் கோஷ்சிட்ஸ் வித்கியெவிச் வடிவமைத்தது. இதனால் ஊரின் மதிப்பு குறைவதாக நான் நினைக்கவில்லை. எதை வைத்துக்கொள்வது, எதை எப்படிக் கட்டுவது என்று அக்கறையோடு முடிவெடுத்த ஆட்கள் இருந்தார்கள் என்பதுதான் அதன் பொருள். ஆனால் அந்த மீட்பில் வீடுகள் திரும்பின, பாதி மக்கள் திரும்பவில்லை. உள்ளே பாழாக்கப்பட்ட ஜெபக்கூடத்தை 1950-களில் சரிசெய்து திரையரங்கம் ஆக்கினார்கள். இந்த நூற்றாண்டில்தான் அது யூத சமூகத்திடம் திரும்பி வந்தது.

நடுகற்கள் மடத்து முற்றத்திலிருந்து வெளியே வந்தபோது அவற்றை எங்கே வைப்பது என்ற கேள்வி எழுந்தது. 1984-இல் ஊருக்கு வெளியே செர்னியாவி கல்லறையில் கட்டடக் கலைஞர் ததேயுஷ் அவுகுஸ்தினெக் ஒரு நீண்ட சுவர் எழுப்பினார். உடைந்தும் உடையாமலும் கிடந்த சுமார் 600 கற்களை அதில் பதித்தார். சுவரின் நடுவே மேலிருந்து கீழ்வரை கோணல்மாணலாக ஒரு பிளவு, ஆள் நுழையலாம். நுழைந்தால் பின்னால் மரங்களுக்கிடையே இன்னும் நடப்பட்ட இடத்திலேயே நிற்கும் சில கற்கள். கிட்டப் போய்ப் பார்த்தால், பெண்களின் கல்லில் மெழுகுவர்த்தி, யூதக் குருமார் பரம்பரையினரின் கல்லில் ஆசி கூறும் இரு கைகள், சிங்கம், முறிந்த மரக்கிளை. சில கற்களில் எழுத்து பாதி தேய்ந்திருக்கிறது.

1979-இல் சுற்றுப்புறம் காஷிமியெஷ் இயற்கைக் காட்சிப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1994-இல் போலந்து அரசு முதன்முதலில் வரலாற்றுச் சின்னங்களின் பட்டியல் வெளியிட்டபோது இந்த ஊரும் அதில் இருந்தது. 1967 முதல் ஆண்டுதோறும் நாட்டுப்புற இசைக் குழுக்களின் தேசிய விழா இங்கே நடக்கிறது, கிராமத்துப் பிடில்காரர்களும் பாட்டிமார்களும் சதுக்கத்துக்கு வருவார்கள். சேவல் வடிவில் சுட்ட ரொட்டி இல்லாமல் யாரும் ஊர் திரும்புவதில்லை. ஊரின் சேவல்களையெல்லாம் தின்ற சாத்தானிடமிருந்து கடைசிச் சேவல் தப்பித்த கதையோடு அதை விற்கிறார்கள்.

சிக்கல்களும் இருக்கின்றன. கோடை வார இறுதியில் ஊர்க்காரர்களைவிட வெளியூர்க்காரர்கள் பல மடங்கு, குறுகிய தெருக்களில் கார் நிறுத்த இடமில்லை. பள்ளங்களில் டிராக்டர் போக வேண்டும் என்று அடியில் கான்கிரீட் பலகை போட்டால், மழைநீர் ஊறாமல் வேகமாக ஓடிப் பக்கச் சுவரை அறுக்கிறது. போடாமல் விட்டால் மேட்டு வயலுக்குப் போகும் குடியானவருக்குச் சேறு. இதில் எளிய தீர்வு இல்லை. அடுத்து விஸ்துலா. 2010 மே, ஜூன் மாதங்களில் வந்த வெள்ளத்தில், சற்றுத் தெற்கே வில்கூஃப் பகுதியில் ஆற்றுக்கரை உடைந்து, பழத்தோட்டங்களும் பீர் காய்ச்சப் பயன்படும் ஹாப்ஸ் கொடித் தோட்டங்களும் நிறைந்த அந்த வட்டாரத்தின் பெரும்பகுதி முழுகியது. ஊரைவிட்டு விலகிய ஆறுதான், அடங்கிய ஆறு என்று யாரும் இங்கே நினைப்பதில்லை.

போகிறவர்களுக்கு ஒரு யோசனை. பலரும் சதுக்கத்தில் இறங்கி, படம் எடுத்து, ரொட்டி வாங்கி, மூன்று மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். கோடையாக இருந்தால், அக்கரையில் யானோவியெட்ஸ் கோட்டையைப் பார்த்துவிட்டு அங்கிருந்து படகேறி வாருங்கள், பழைய வியாபாரி பார்த்த பக்கத்திலிருந்து ஊரைப் பார்க்கலாம். கரையேறியதும் கல்குவாரி, பிறகு கிட்டங்கிகள், அப்புறம் சதுக்கம். கோஷெனியோவி டூவுக்கும் செர்னியாவிக்கும் மறுநாள் காலையை ஒதுக்குங்கள், இரண்டும் நடக்கும் தூரம்தான். வார்சாவிலிருந்து ரயிலில் வருபவர்கள் புவாவியில் இறங்கினால் அங்கிருந்து பேருந்து கிடைக்கும்.